பிரம்பு நாற்காலியின் இருக்கையை வீட்டிலேயே பின்னுவது எப்படி: முதன்முறை பின்னுவோருக்கான வழிகாட்டி

எங்கள் வீட்டில் தாத்தா காலத்துத் தேக்கு நாற்காலிகள் நான்கு இருக்கின்றன. நான்கிலும் இருக்கைப் பிரம்பு கிழிந்துபோன பிறகு, பின்னித் தருபவரைத் தேடி நான்கு மாதம் அலைந்தேன். விசாரித்த இடங்களிலெல்லாம் பிளாஸ்டிக் நார்தான் பின்னுவோம் என்றார்கள், அல்லது பலகை அடித்து மெத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வேறு வழியின்றி நானே உட்கார்ந்தேன். முதல் நாற்காலியை இரண்டு முறை பாதியில் அறுத்தெறிந்து மூன்றாம் முறைதான் முடித்தேன். இன்று நான்கு நாற்காலிகளிலும் அமர்கிறோம். பின்னல் அவ்வளவு கடினமான வேலையாக எனக்குத் தோன்றவில்லை. நான் வீணாக்கிய நாரும் நாட்களும் பெரும்பாலும் பின்னத் தொடங்குவதற்கு முன் செய்த தவறுகளால் போனவை. ஆகவே அளவெடுப்பது, நார் வாங்குவது, ஊறவைப்பது ஆகியவற்றைப் பற்றி இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1. நாற்காலி எந்த வகை என்று முதலில் பாருங்கள்

இருக்கைச் சட்டத்தைச் சுற்றிலும் வரிசையாகத் துளைகள் இருந்து, ஒவ்வொரு துளையின் வழியாகவும் நார் மேலும் கீழும் போய்வந்திருந்தால், அது கையால் பின்னும் நாற்காலி. இந்த வழிகாட்டி அதற்கானது. துளைகளே இல்லாமல் சட்டத்தைச் சுற்றி ஒரு பள்ளம் மட்டும் ஓடி, அதில் ஒரு தடித்த பிரம்புக் கயிறு பதிந்திருந்தால், அது இயந்திரத்தில் நெய்த பிரம்புப் பாயைப் பள்ளத்தில் அழுத்திப் பசையிட்டு ஒட்டிய நாற்காலி. அதற்கு விலைக்குக் கிடைக்கும் ஆயத்தப் பாயே போதும், இங்கே சொல்லும் எதுவும் அதற்குப் பொருந்தாது. சட்டத்தைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்: கைப்பின்னலில் துளைக்குத் துளை சிறு வளையங்கள் தெரியும், ஒட்டியதில் அடிமரம் வெறுமையாக இருக்கும்.

2. பழைய பிரம்பை அறுப்பதற்கு முன் அளவுத்தாள் எழுதுங்கள்

இந்த வேலைக்கு வேண்டிய ஒரே ஆவணம் இந்தத் தாள்தான். இதை எழுதாமல் கத்தியை எடுக்காதீர்கள். ஒரு முழுத்தாளில் இருக்கையின் வடிவத்தை வரைந்து, கீழ்க்கண்டவற்றை அதிலேயே குறியுங்கள்.

மூலைத் துளைகள் நான்கையும் விட்டுவிட்டு, முன்பக்கம், பின்பக்கம், இடம், வலம் ஆகிய ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை துளைகள் என்று எண்ணி எழுதுங்கள். எங்கள் நாற்காலியில் முன்பக்கம் 29, பின்பக்கம் 23, இரு பக்கவாட்டிலும் 25. முன்பக்கத்தில் துளைகள் கூடுதலாக இருப்பது இயல்பு, ஏனெனில் இருக்கை முன்னால் அகன்றிருக்கும். அடுத்து, ஒரு துளையின் மையத்திலிருந்து அடுத்த துளையின் மையம் வரை எவ்வளவு என்று அளக்க வேண்டும். இரண்டு துளைகளுக்கிடையே மட்டும் அளந்தால் ஒரு மி.மீ. பிசகிவிடும். ஆகவே பதினோரு துளைகளை அளந்து பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். துளையின் விட்டத்தையும் குறியுங்கள். பிறகு மேலிருந்தும் கீழிருந்தும் புகைப்படம் எடுங்கள், ஒரு மூலையை மட்டும் தனியாக மிக அருகில் எடுங்கள். மூலையில் எந்தத் துளையில் எத்தனை நார் இறங்குகிறது என்பது பத்து நாள் கழித்துச் சாய்விழை, அதாவது மூலைவாட்டில் ஓடும் இழை, போடும்போது தேவைப்படும்.

இதற்குப் பிறகு பழைய பின்னலைச் சட்டத்தின் உட்புறம் ஒட்டியே வட்டமாக அறுத்து, ஒரே துண்டாக எடுத்து வையுங்கள். பழைய நாரில் கெட்டியாக இருக்கும் துண்டு ஒன்றையும் அகலமான ஓரப்பட்டைத் துண்டு ஒன்றையும் உறையில் போட்டு அளவுத்தாளோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். கடைக்கு இவை இரண்டும் உங்களோடு வர வேண்டும்.

3. நார் வாங்குதல்: பணம் வீணாகும் இடம் இதுதான்

பின்னுவதற்கு நாம் பயன்படுத்துவது பிரம்பின் வெளித்தோலைச் சீவி எடுத்த பளபளப்பான நார். கடைகளில் பிரம்புப் பட்டை என்றும் கேன் என்றும் கேட்டாலும் புரிந்துகொள்வார்கள். உள்தண்டிலிருந்து எடுக்கும் உருண்டையான, பளபளப்பில்லாத நார் கூடைக்கானது, அதைத் தலையில் கட்டிவிட இடம் கொடுக்காதீர்கள். அசல் நாரின் ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும், இடையிடையே கணு தெரியும். இரு பக்கமும் ஒரே மாதிரி வழுவழுவென்று, கணுவே இல்லாமல் நீண்டிருந்தால் அது பிளாஸ்டிக்.

நாரின் அகலத்தைத் துளைகளின் இடைவெளிதான் முடிவு செய்கிறது. மையத்துக்கு மையம் ஏறக்குறைய 10 மி.மீ. இருந்தால் 2 மி.மீ. நார், 13 மி.மீ. இருந்தால் 2.25, 16 மி.மீ. இருந்தால் 2.5, 19 மி.மீ. இருந்தால் 3, 22 மி.மீ. இருந்தால் 3.5 மி.மீ. நார் பொருந்தும். கால் மி.மீ. வித்தியாசத்தில் என்ன ஆகிவிடும் என்று எனக்கும் தோன்றியது. 13 மி.மீ. இடைவெளிக்கு 3 மி.மீ. நாரைக் கடைக்காரர் சொல்கேட்டு வாங்கிவந்தேன். நெடுக்கும் குறுக்கும் அழகாகவே அமைந்தன. சாய்விழைக்கு வந்தபோது கட்டங்களில் இடமே இல்லை, துளைகளும் அடைத்துக்கொண்டன. ஐந்து நாள் வேலையைக் கத்தரித்துத் தூக்கிப்போட்டேன். ஓரப்பட்டையைக் கட்டும் நாரையும் சேர்த்து ஒரு துளையில் பெரும்பாலும் ஆறு நார் இறங்கும், சில துளைகளில் அதற்கு மேலும் இறங்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்தத் தவறு நேராது. ஐயமிருந்தால் ஒரு அளவு மெல்லியதை வாங்குங்கள்.

ஆயிரம் அடி, அதாவது சுமார் 300 மீட்டர் கொண்ட கட்டாக நார் விற்கப்படுகிறது. சராசரி இருக்கை ஒன்றுக்கு 75 முதல் 80 மீட்டர் வரை ஆகும் என்பதால் ஒரு கட்டில் மூன்று, சில சமயம் நான்கு இருக்கைகள் பின்னலாம். முதன்முறை பின்னுபவர் மூன்று என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சில கடைகளில் எடைபோட்டுத் தருவார்கள், அப்போது அகலத்தைத் தராசு சொல்லாது என்பதால் உறையிலிருக்கும் பழைய துண்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓரத்துக்குத் தனியாக அகலப்பட்டை வேண்டும். துளையை முழுதாக மூடும் அகலம், பெரும்பாலும் 4 முதல் 6 மி.மீ., போதும். இருக்கையின் சுற்றளவோடு ஓர் அடி சேர்த்து வாங்கினால் சரியாக இருக்கும்.

பிரம்பு மரச்சாமான் செய்பவர்களிடம் நேரில் கேட்டு வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. மயிலாடுதுறை மாவட்டத்தில் கொள்ளிடத்தை அடுத்த தைக்கால் போன்ற ஊர்களில் தெருவே பிரம்பு வேலை செய்கிறது, அங்கே நாரைத் தொட்டு, வளைத்துப் பார்த்து வாங்கலாம். இணையத்தில் வாங்குவதானால் அகலம் மி.மீ. கணக்கில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், ‘நடுத்தரம்’, ‘மெல்லியது’ என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீர்கள். எங்கே வாங்கினாலும் ரசீதில் அகலத்தை எழுதச் சொல்லுங்கள். அளவு மாறிவந்தால் திருப்பித் தருவதற்கு அந்த ஒரு வரிதான் ஆதாரம். நான் அதைக் கேட்டு வாங்காததால் தவறான கட்டு இன்னும் என்னிடமே இருக்கிறது.

வாங்கும்போது ஒரு இழையை விரலில் சுற்றிப் பாருங்கள். பழைய இருப்பு நார் சுற்றும்போதே வெடிக்கும், ஓரம் பிளந்து பிசிறு எழும். நல்ல நார் உலர்ந்த நிலையிலும் ஓரளவு வளைந்து கொடுக்கும்.

4. மற்றப் பொருள்களும் மொத்தச் செலவும்

வாளி, பழைய துண்டு, நுனி கூரான குத்தூசி, சிறு வெட்டும் குறடு, சிறு சுத்தியல், பத்துத் துணிக்கிளிப், இருபது முளைக்குச்சி ஆகியவை வேண்டும். முளைக்குச்சி என்பது நார் நழுவாமல் துளையில் தற்காலிகமாகச் செருகும் குச்சி. மூங்கில் குச்சியை ஒரு விரல் நீளத்துக்கு நறுக்கி ஒரு முனையைக் கூராகச் சீவிக்கொண்டால் போதும். சாக்குத் தைக்கும் கோணி ஊசி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் வளைந்த முனை, விரல் நுழையாத ஓரங்களில் நாரைத் தூக்கிவிட மிகவும் உதவும்.

முதல் நாற்காலிக்கு எனக்கு ஏறக்குறைய 3,000 ரூபாய் ஆயிற்று. அதில் பாதி தவறான கட்டுக்குப் போன பணம். கருவிகளுக்கு மொத்தம் 400 ரூபாய்க்கு மேல் ஆகவில்லை. இரண்டாம் நாற்காலியிலிருந்து நாருக்கு மட்டுமே செலவு. நாரின் விலை அகலத்தைப் பொறுத்தும் ஊரைப் பொறுத்தும் மாறுகிறது, ஆகவே இரண்டு இடங்களில் விசாரித்த பின் வாங்குங்கள். ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது, பின்னித் தருபவரும் பக்கத்தில் இருக்கிறார் என்றால், செலவை மட்டும் பார்த்து இதில் இறங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

5. எவ்வளவு நாளாகும், எப்போது தொடங்கலாம்

முதல் இருக்கைக்குப் பின்னும் நேரம் மட்டும் பதினைந்து மணி நேரம் ஒதுக்குங்கள். பின்னல் ஆறு அடுக்காக நடக்கும்: நெடுக்கும் குறுக்கும் மாறிமாறி நான்கு, அவற்றின் மேல் சாய்விழை இரண்டு. முதல் மூன்று அடுக்குகளும் தலா ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். நான்காம் அடுக்குக்கு மூன்று அல்லது நான்கு மணி நேரம், சாய்விழை இரண்டுக்கும் தலா மூன்று மணி நேரம், ஓரப்பட்டைக்கு இரண்டு மணி நேரம் ஆகும். ஒரே நாளில் முடிக்க நினைத்தால் விரல் நுனி தாங்காது. நாளுக்கு ஓர் அடுக்கு என்று வைத்துக்கொண்டு, முன்னால் சட்ட வேலைக்கு மூன்று நாளும் பின்னால் உலர்வதற்கு இரண்டு நாளும் சேர்த்தால், பன்னிரண்டு நாளில் நாற்காலி தயாராகிவிடும். அடுக்குகளுக்கு நடுவே எத்தனை நாள் இடைவெளி விட்டாலும் குற்றமில்லை.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொடங்காதீர்கள். ஈர நார் உலராமல் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துச் சாம்பல் நிறப் புள்ளிகள் விழும், அவை தேய்த்தாலும் போகா. தை பிறந்த பிறகு பங்குனி வரை நல்ல காலம். கத்திரி வெயிலில் செய்யலாம், ஆனால் மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள், கையிலிருக்கும்போதே நார் காய்ந்துவிடும்.

6. சட்டத்தைத் தயார் செய்தல்

துளைகளில் அடைந்திருக்கும் பழைய நாரையும் முளைகளையும் அடிப்பக்கத்திலிருந்து ஆணியால் தட்டி எடுங்கள். எல்லாத் துளைகளும் எதிர்ப்பக்கத்து வெளிச்சம் தெரியும் அளவுக்குச் சுத்தமாக வேண்டும். சட்டத்தின் மூட்டுகள் ஆடினால் இப்போதே பசையிட்டு இறுக்குங்கள், பின்னிய பிறகு மூட்டைத் தொட முடியாது. உளுத்த துளைகள் இருந்தால் மருந்தடித்து ஆறவிடுங்கள். மெருகெண்ணெயோ வார்னிஷோ பூசுவதானால் அதையும் இப்போதே முடித்து நன்றாகக் காயவிடுங்கள்.

பலரும் விட்டுவிடுவது ஒன்று: இருக்கைச் சட்டத்தின் உள்விளிம்பு. அது கூராக இருந்தால் ஒவ்வொரு முறை உட்காரும்போதும் நாரை அறுக்கும். பழைய பின்னல் நடுவில் கிழியாமல் ஓரத்தை ஒட்டிக் கோடுபோல அறுந்திருந்தால் காரணம் அதுதான். உப்புத்தாள் கொண்டு விளிம்பை லேசாக உருட்டிவிடுங்கள்.

7. ஊறவைத்தலும் நாரின் போக்கும்

கட்டிலிருந்து ஒவ்வொரு இழையாக உருவி, தளர்வாகச் சுருட்டித் துணிக்கிளிப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பதினைந்து முதல் இருபது நிமிடம் ஊறவிடுங்கள். ஒன்றைக் கையில் எடுக்கும்போது அடுத்ததைப் போட்டுவிட்டால் வேலை தடைபடாது. இரவு முழுக்க ஊறினால் மிருதுவாகும் என்று நினைத்து நான் அரைக் கட்டை வாளியில் போட்டுவைத்தேன். காலையில் பளபளப்பு மங்கிக் கறுத்திருந்தது, இழுத்தால் அறுந்தது. ஊறி எடுத்ததை ஈரத் துண்டில் சுற்றி வைத்துக்கொள்ளலாம்.

இழையைக் கையில் எடுத்ததும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து இரு திசையிலும் உருவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு ஓடும், மறு திசையில் கணுவுக்குக் கணு நகம் மாட்டுவதுபோல் தடுக்கும். வழுக்கும் திசையில்தான் பின்னலுக்குள் இழுக்க வேண்டும். எதிர்த் திசையில் இழுத்தால் ஒவ்வொரு கணுவும் மற்ற இழைகளை உரசிப் பிசிறாக்கும். ஒவ்வொரு இழைக்கும் இந்த ஒரு நொடியைச் செலவிடுங்கள். பளபளக்கும் பக்கம் எப்போதும் மேலே இருக்க வேண்டும், அடிப்பக்க வளையங்களிலும் நார் முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. முதல் அடுக்கு: நெடுக்கிழை

தறியில் பாவு ஓடுவதுபோல் இது பின்னிருந்து முன்னாக ஓடும். பின்பக்கத்தின் நடுத்துளையையும் முன்பக்கத்தின் நடுத்துளையையும் எண்ணிக் கண்டுபிடியுங்கள். எங்கள் நாற்காலியில் அது பின்னால் 12ஆவது, முன்னால் 15ஆவது துளை. பின்பக்க நடுத்துளையில் நாரை இறக்கி, அடியில் ஒரு சாண் தொங்கவிட்டு முளை செருகுங்கள். மறுமுனையை முன்பக்க நடுத்துளையில் மேலிருந்து இறக்கி, பக்கத்துத் துளை வழியாக மேலே கொண்டுவந்து, மறுபடி பின்பக்கத்தின் அடுத்த துளைக்குக் கொண்டுபோங்கள். இப்படியே ஒரு பக்கம் முடித்துவிட்டு, நடுவிலிருந்து மறுபக்கத்துக்கும் போங்கள். மூலைத் துளைகளைத் தொடாதீர்கள்.

பின்பக்கத் துளைகள் தீர்ந்த பிறகு முன்பக்கத்தில் இரு ஓரங்களிலும் சில துளைகள் மீதமிருக்கும், எங்களுக்கு மும்மூன்று மீந்தன. அவற்றிலிருந்து வரும் இழைகள் மற்ற இழைகளுக்கு இணையாகவே ஓட வேண்டும். ஆகவே நேர்கோட்டில் எந்தப் பக்கவாட்டுத் துளை வருகிறதோ அதில் இறக்குங்கள், வராத துளைகளைத் தாண்டிவிடுங்கள். இந்தக் குட்டை இழைகளுக்குத் தனித் துண்டு நார் பயன்படுத்துவது எளிது.

இறுக்கம் எவ்வளவு என்பதில்தான் நான் இரண்டாம் முறை தோற்றேன். வீணைத் தந்திபோல் இழுத்துக் கட்டினேன். நான்காம் அடுக்கை நெய்யும்போது விரல் நுழைய இடமின்றி, வலிந்து இழுத்ததில் ஒரே மாலையில் ஆறு இழைகள் அறுந்தன. நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு விரல் கனத்துக்குக் கீழிறங்க வேண்டும், அந்தத் தளர்வு போதும். மேலே வரும் ஒவ்வொரு அடுக்கும் இதை இறுக்கும், நார் உலரும்போது தானாகவும் இறுகும். பிளாஸ்டிக் நாரில் பழகியவர்கள் இதைக் குறிப்பாகக் கவனியுங்கள்: அது உலர்ந்து சுருங்காது என்பதால் அதைக் கையாலேயே இறுக்க வேண்டியிருக்கும், அந்தப் பழக்கம் இங்கே கெடுதி செய்யும்.

9. இரண்டாம், மூன்றாம் அடுக்குகள்

இரண்டாம் அடுக்கு இடமிருந்து வலமாக ஓடும் குறுக்கிழை. இதை எதிலும் நெய்யாமல் முதல் அடுக்கின் மேல் அப்படியே கிடத்த வேண்டும். மூன்றாம் அடுக்கு மறுபடி நெடுக்கிழை, முதல் நெடுக்கு இறங்கிய அதே துளைகளில், இரண்டு அடுக்குகளுக்கும் மேலாக. இதை முதல் நெடுக்குக்கு எப்போதும் வலப்பக்கமாக ஒதுக்கி வையுங்கள். அடிப்பக்கத்தில் முதல் நெடுக்கின் வளையம் விழாமல் விட்ட இடைவெளிகளில் இதன் வளையம் விழும்படி தொடங்கினால், முனைகளை முடிச்சிட வசதியாக இருக்கும்.

முடிச்சு எளிது. அடியில் தொங்கும் முனையை ஈரமாக்கி, பக்கத்திலிருக்கும் வளையத்துக்குக் கீழ் இரண்டு முறை சுற்றி, அதன் சொந்த மடிப்புக்குள் நுழைத்து இழுத்து, அரை அங்குலம் விட்டு நறுக்குங்கள். உலர்ந்த முனையை மடக்கினால் ஒடியும்.

10. நான்காம் அடுக்கு: இங்கேதான் நெசவு தொடங்குகிறது

இரண்டாம் குறுக்கிழையை முதல் குறுக்குக்கு முன்புறமாக, அதாவது உட்காருபவரின் முழங்கால் இருக்கும் பக்கமாக வையுங்கள். ஒவ்வொரு நெடுக்கு இணையிலும், வலப்பக்கத்து இழைக்கு (மூன்றாம் அடுக்கு) மேலாகவும் இடப்பக்கத்து இழைக்கு (முதல் அடுக்கு) அடியாகவும் போக வேண்டும். ஒரு கை மேலும் ஒரு கை கீழுமாக வைத்து, நான்கைந்து இணைகளைக் கடந்ததும் நாரை இழுத்துக்கொள்ளுங்கள். முழு வரிசையையும் கோர்த்துவிட்டு ஒரேயடியாக இழுத்தால் உரசலில் நார் தேயும். நாரை நடுநடுவே ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வரிசைக்கு ஒருமுறை நிறுத்தி, முன்வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லா வரிசையும் முடிந்த பிறகு பின்னலின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் ஒற்றி, இரண்டு முளைக்குச்சிகளால் இணைகளை நெருக்கி, கட்டங்களைச் சதுரமாக்குங்கள். இந்த அரை மணி நேர வேலையைச் சுருக்காதீர்கள். கட்டம் கோணினால் சாய்விழையும் கோணும், பிறகு திருத்த வழியில்லை.

11. ஐந்தாம், ஆறாம் அடுக்குகள்: சாய்விழை

பின்பக்க இடமூலைத் துளையில் முளையிட்டு, முன்பக்க வலத்தை நோக்கிச் சாய்வாகப் போங்கள். மேலே சொன்னபடி நெடுக்கை வலப்பக்கமாகவும் குறுக்கை முன்பக்கமாகவும் வைத்திருந்தால், இந்தச் சாய்விழை நெடுக்கு இணைகளுக்கு அடியிலும் குறுக்கு இணைகளுக்கு மேலும் போக வேண்டும். ஆறாம் அடுக்கு பின்பக்க வலமூலையிலிருந்து முன்பக்க இடத்தை நோக்கிப் போகும், அது நேரெதிராக நெடுக்குக்கு மேலும் குறுக்குக்கு அடியிலும் போகும்.

இதை மாற்றிப் போட்டாலும் பார்வைக்கு முதலில் தவறு தெரியாது. நானும் மாற்றித்தான் போட்டேன். அலுவலக நாற்காலிகளைப் பின்னி ஓய்வுபெற்ற பார்வையற்ற பெரியவர் ஒருவரிடம் என் நாற்காலியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் உள்ளங்கையை இருக்கையின் மேல் ஒருமுறை மெதுவாக ஓட்டினார், ஒரு சாய்விழையின் முனையைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். “சரக்குன்னு போகணும் தம்பி, இது கடிக்குது. தப்பான பக்கம் நுழைஞ்சிருக்கு, பிரிச்சிடுங்க” என்றார். என் விரலை எடுத்து அந்த இடத்தில் வைத்தும் காட்டினார். சரியான திசையில் போன சாய்விழை, நான்கு இழைகள் சந்திக்கும் மூலையின் இடுக்கில் வழுக்கி உட்கார்ந்துகொள்ளும். தவறான திசையில் போனது, இழைகளின் ஓரத்தில் மாட்டி, மடிந்து நிற்கும். நான்கைந்து கட்டங்கள் போனவுடன் நாரை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். தடங்கினால், மேல் கீழை மாற்றிப் பாருங்கள். முப்பது வரிசை முடித்த பிறகு பார்க்காதீர்கள்.

மூலைத் துளையில் பெரும்பாலும் இரண்டு சாய்விழைகள் இறங்கும். இருக்கை சதுரமாக இல்லாததால் பக்கவாட்டில் சில துளைகளைத் தாண்டவும், சிலவற்றில் இரண்டு இழைகளை இறக்கவும் நேரும். கோடு எங்கே நேராக வருகிறதோ அங்கே இறக்குங்கள். ஐந்தாம் அடுக்கில் இடப்பக்கம் ஒரு துளையைத் தாண்டினால், ஆறாம் அடுக்கில் வலப்பக்கம் அதே எண்ணுள்ள துளையைத் தாண்ட வேண்டும், அப்போதுதான் இரு பக்கமும் ஒத்திருக்கும். தாண்டியதையும் இரட்டித்ததையும் அளவுத்தாளில் உடனுக்குடன் குறியுங்கள். மூலைப் புகைப்படமும் இங்கே கைகொடுக்கும். துளை அடைத்துக்கொண்டால் குத்தூசியை ஏற்கெனவே இருக்கும் நார்களின் ஓரமாகச் செருகி வழி உண்டாக்குங்கள், நடுவில் குத்தினால் அவை பிளக்கும்.

12. ஓரப்பட்டை

துளைகளை மூடும் அகலப்பட்டையை ஊறவைத்து, பின்பக்க நடுவில் தொடங்கித் துளைகளின் மேல் கிடத்துங்கள். ஒரு பின்னல் நாரை அடியிலிருந்து துளை வழியாக மேலே கொண்டுவந்து, பட்டையின் மேலாகத் தாண்டி, அதே துளையில் கீழே இறக்கி, அடுத்த துளைக்குப் போங்கள். இடைவெளி குறைவாக இருந்தால் ஒன்றுவிட்டு ஒரு துளையில் கட்டினாலும் போதும். மூலையில் பட்டையை மெல்ல வளையுங்கள், ஒடிவதுபோல் இருந்தால் மூலைக்கு மூலை தனித்துண்டாக வெட்டி, முனைகளைத் துளையில் செருகி முளையடித்துவிடலாம். சுற்றி வந்ததும் இரு முனைகளையும் மூன்று துளை நீளத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சேர்த்துக் கட்டுங்கள்.

13. உலர்த்துதலும் பராமரிப்பும்

அடிப்பக்கத்து முனைகளையும் மேலே தெரியும் பிசிறுகளையும் நறுக்கிவிட்டு, காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள் வையுங்கள். வெயிலில் வைத்தால் ஒருபக்கமாகச் சுருங்கும். உலர்ந்த பிறகு விரலால் தட்டினால் மேளத்தோல்போல் கிண்ணென்று ஒலிக்கும். அதுவரை யாரையும் உட்காரவிடாதீர்கள், ஈர நார் தொய்ந்தால் தொய்ந்ததுதான். பின்னலின் மேல் வார்னிஷ் பூச வேண்டாம், பூச்சு வளைந்து கொடுக்காமல் வெடித்து நாரையும் சேர்த்துப் பிளக்கும்.

ஓரிரு ஆண்டுகளில் லேசாகத் தொய்ந்தால், நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நன்றாக நனைத்து ஓர் இரவு உலரவிடுங்கள், மறுபடி இறுகிவிடும். பளபளப்பான மேற்பக்கம் தண்ணீரை உறிஞ்சாது, ஆகவே அடியில்தான் நனைக்க வேண்டும். குளிர்சாதன அறையில் இருக்கும் நாற்காலிக்கு இதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யுங்கள், அங்கே நார் மிக விரைவில் வறண்டு ஒடிகிறது. நாற்காலியின் மேல் ஏறி நின்று பல்பு மாட்டுவதையும் குழந்தைகள் முழங்காலிட்டு ஏறுவதையும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லித் தடுங்கள், ஒரே இடத்தில் விழும் பாரத்தை எந்தப் பின்னலும் தாங்காது.

மீந்த நாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காமல், தளர்வாகச் சுருட்டிக் காற்றுப்படும் இடத்தில் தொங்கவிடுங்கள். அளவுத்தாளைத் தூக்கி எறியாதீர்கள். துளைகளின் எண்ணிக்கை, நாரின் அகலம், தாண்டிய துளைகள், பின்னி முடித்த தேதி ஆகியவற்றைச் சுத்தமாகப் பெயர்த்தெழுதி, ஓர் உறையிலிட்டு, இருக்கைச் சட்டத்தின் அடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்து இந்த இருக்கையை அறுக்கப்போகிறவர் நாற்காலியைக் கவிழ்த்ததும் அது கண்ணில் படும்.